முகம் காட்டலாம், முகவரி வேண்டாம்: இணையத்தில் பழகிச் சம்பாதிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இணையம் வழியாகவே எடிட்டிங் வேலை பார்த்துச் சம்பாதிக்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பாதி வேலை சொந்தப் பெயரில், பாதி புனைபெயரில். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான். சிலவற்றுக்குப் பதில் நீளமாக இருக்கும். நான் அடிபட்ட இடங்கள் அவை.

என்னிடம் மறைக்க ஒன்றுமே இல்லை. நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

பயப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு தகவலையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. பிறந்த தேதி ரகசியமா? இல்லை. ஆணா பெண்ணா என்பது? அதுவும் இல்லை. எந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் குடியிருக்கிறீர்கள் என்பது அக்கம்பக்கத்துக்கே தெரியும். லடான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் 2000-இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்பு இருக்கிறதாம்.

இன்னொன்று. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவட்டும் என்று சுமார் 6,50,000 பயனர்கள் தேடிய சொற்களை வெளியிட்டது. பெயரை எடுத்துவிட்டு ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள். ஓர் எண்ணுக்குரியவர் என்னென்ன தேடினார் என்பதை வரிசையாகப் படித்தே நிருபர்கள் சில நாட்களில் அந்தப் பெண்மணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊர்ப் பெயர், தன் குடும்பப் பெயர் கொண்ட சிலர், உடம்புக்கு வரும் சின்னத் தொல்லைகள் என்று எல்லோரும் தேடுவதைத்தான் அவரும் தேடியிருந்தார்.

அப்படியானால் எதைத்தான் காப்பாற்றுவது? எல்லாவற்றையும் மறைத்தால் யார் வேலை கொடுப்பார்கள்?

சரியான கேள்வி. கடையைத் திறந்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தால் வியாபாரம் நடக்காது. உங்கள் திறமை தெரிய வேண்டும், செய்த வேலை தெரிய வேண்டும், பெரும்பாலும் முகமும் தெரிய வேண்டும். நான் காப்பாற்றுவது தகவல்களை அல்ல, தகவல்களுக்கு நடுவே இருக்கும் முடிச்சுகளை. என் முகம் யாருக்கு வேண்டுமானாலும் தெரியட்டும். என் வீட்டு முகவரி கூரியர்காரருக்கும் வங்கிக்கும் தெரியத்தான் செய்யும். இந்த இரண்டும் ஒரே இடத்தில், ஒரே ஆளுக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன?

ஒரு தாளை எடுத்து நான்கு விஷயங்களை எழுதுங்கள். சட்டப்படியான பெயர், இரவு தூங்கும் இடம், அன்றாடம் எத்தனை மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்பது, தொலைபேசி எண். ஒவ்வொன்றும் யாருக்குத் தெரியலாம், எதோடு எது சேரக் கூடாது என்று பக்கத்தில் குறியுங்கள். ஆளுக்கு ஆள் இது மாறும். பாட்டு சொல்லிக்கொடுப்பவருக்குப் பெயர் தெரிவதுதான் பிழைப்பு. குடும்பத் தகராறிலிருந்து விலகி வந்து தனியாக வாழ்பவருக்கு இடம் தெரிவதுதான் ஆபத்து. இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

புனைபெயர் வைத்துக்கொண்டால் போதுமா?

நல்ல தொடக்கம், ஆனால் போதாது. புனைபெயர் நமக்குப் புதிதல்ல. சுஜாதா யார் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் எழுத்துக்கு ஒரு பெயர், அலுவலகத்துக்கு எஸ். ரங்கராஜன் என்று இரண்டு பெயர்கள் வெவ்வேறு இடங்களில் பிழைத்துக்கொண்டிருந்தன. ரகசியமே இல்லாத புனைபெயரும் அந்த அளவுக்கு உதவும்.

ரகசியமாகவே இருக்க வேண்டும் என்றால் கதை வேறு. புனைபெயர் மூன்று விதமாக உடையும்.

முதலாவது, ஒரே பயனர் பெயரை எல்லா இடத்திலும் வைப்பது. சில்க் ரோடு என்ற கள்ளச்சந்தைத் தளத்தை நடத்திய ராஸ் உல்பிரிக்ட் 2013-இல் பிடிபட்டதற்கு இப்படி ஒரு பழைய பெயரும் காரணம். தளத்தைப் பற்றி ஆரம்பத்தில் ஓரிடத்தில் எழுதிய அதே பயனர் பெயரில், இன்னோரிடத்தில் வேலைக்கு ஆள் கேட்டு, தன் சொந்தப் பெயர் உள்ள மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தார். அவர் செய்தது குற்றம், பிடிபட்டதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தத் தேடல் குற்றவாளிகளை மட்டும் கண்டுபிடிக்கும் தேடல் இல்லை. கல்லூரிக் காலத்தில் வைத்த பெயரை இன்றைய கணக்குக்கும் வைத்திருக்கிறீர்களா? தேடிப் பாருங்கள். சுயவிவரப் படமும் அப்படித்தான். ஒரே படத்தை இரண்டு கணக்கிலும் வைத்தால் படத்தைக் கொண்டே தேடிப் பிடித்துவிடலாம்.

இரண்டாவது, ஆட்கள். 2013-இல் ஜே.கே. ரௌலிங் வேறொரு ஆண் பெயரில் துப்பறியும் நாவல் வெளியிட்டார். மூன்றே மாதத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது. வழக்கறிஞர் அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் தன் மனைவியின் தோழியிடம் சொன்னார். தோழி ட்விட்டரில் போட்டுவிட்டார். எத்தனை பூட்டுப் போட்டாலும் "உன்கிட்ட மட்டும் சொல்றேன்" என்ற மூன்று சொல்லுக்கு முன் நிற்காது.

மூன்றாவது, நடை. அதே ரௌலிங் விஷயத்தில், காதில் விழுந்த தகவலை உறுதிசெய்யக் கணினி வழியாகச் சொல் பழக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது. குறுந்தொகையில் ஒரு கவிஞரின் இயற்பெயர் தொலைந்துபோய், அவர் எழுதிய உவமையே செம்புலப்பெயனீரார் என்று பெயராக நின்றுவிட்டது. நடை அப்படி ஒட்டிக்கொள்ளும் சாமான். நீங்கள் அடிக்கடி போடும் ஒரு சொல், எப்போதும் செய்யும் ஒரு எழுத்துப்பிழை, உங்களைத் தெரிந்தவருக்கு அதுவே போதும். இதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியவர்கள் சிலர்தான். ஆனால் இரண்டு கணக்குகளிலும் ஒரே நகைச்சுவையைப் போடாமலிருப்பது எல்லோருக்கும் நல்லது.

புனைபெயரில் சம்பாதிப்பது ஏமாற்று வேலை ஆகாதா?

ஆகாது. ஒப்பந்தம், வரி, வங்கி ஆகிய இடங்களில் உண்மைப் பெயர். வாசகருக்கும் பார்வையாளருக்கும் புனைபெயர். ஒப்பந்தத்திலும் பொய்ப் பெயர் போட்டால்தான் சிக்கல்.

வேலை விஷயமாகத் தொலைபேசி எண் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

சொந்த எண்ணைக் கொடுக்க வேண்டாம். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

மின்னஞ்சலை மாற்றிவிடலாம், புனைபெயரைக்கூட மாற்றிவிடலாம். தொலைபேசி எண்ணை வருடக்கணக்கில் மாற்ற மாட்டோம். வங்கி, சமூக ஊடகம், பணப் பரிமாற்றச் செயலி எல்லாவற்றுக்கும் அதே எண்தான். முடிச்சுகளிலேயே பெரிய முடிச்சு இது. ஃபேஸ்புக் பயனர்கள் 53 கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல்கள், 106 நாடுகளைச் சேர்ந்தவர்களுடையவை, 2021 ஏப்ரலில் இலவசமாகவே வெளியே கிடைத்தன. அதில் தொலைபேசி எண்களும் இருந்தன. நம் கைபேசியில் உள்ள எண்களைக் கொண்டு நண்பர்களைத் தேடித்தரும் வசதி ஒன்று இருந்ததல்லவா, அதற்குள் எண்களைக் கூட்டங்கூட்டமாக ஊட்டித்தான் பெயர்களை உருவியிருந்தார்கள். பாதுகாப்புக்காகக் கொடுத்த எண்ணும் அங்கேயே நிற்பதில்லை. அப்படி வாங்கிய எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக ட்விட்டர் 2022-இல் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது.

என் கதையையும் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு என் எண்ணைக் கொடுத்தேன். நல்ல மனிதர். என்னைத் தன் கைபேசியில் சேமித்துக்கொண்டார், அவ்வளவுதான் செய்தார். அடுத்த வாரம் ஒரு செயலி, நான் குடும்பத்துக்காக மட்டும் வைத்திருந்த கணக்கை "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று அவருக்குக் காட்டியது. அங்கிருந்து என் அக்காவுக்கு நட்பு அழைப்பு போனது. அக்கா அவரை என் நண்பர் என்று நினைத்து ஏற்றுக்கொண்டு, என் சின்ன வயதுப் படங்களைப் பற்றி அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். யார் மேலும் தப்பில்லை. எண் தன் வேலையைச் செய்தது.

அப்புறம் என்ன செய்வது? வேலைக்கென்று இரண்டாவது சிம் அல்லது மெய்நிகர் எண் (தனி சிம் இல்லாமல் செயலி வழியாக இயங்கும் எண்) வாங்குங்கள். அந்த எண்ணை வங்கியோடு இணைக்காதீர்கள். சிக்னல் செயலியில் 2024 முதல் எண்ணைக் காட்டாமல் பயனர் பெயரை மட்டும் கொடுக்கலாம். டெலிகிராமிலும் அந்த வசதி உண்டு. எந்தச் செயலியாக இருந்தாலும் "எண்ணைக் கொண்டு என்னைத் தேடலாம்" என்ற அமைப்பை அணைத்து, தொடர்புப் பட்டியலைப் பார்க்கும் அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து, எண்ணையே திருடுவது. தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொண்டால் ஓடிபி எல்லாம் அவர்களுக்குத்தான் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவர் ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே இப்படித்தான் கைமாறியது.

படம் போட்டால் இருக்குமிடம் தெரிந்துவிடுமா?

தெரியலாம், இரண்டு வழிகளில். ஒன்று, படக் கோப்புக்குள்ளேயே எடுத்த நேரமும் ஜிபிஎஸ் புள்ளியும் பதிந்திருக்கும். 2012 டிசம்பரில், வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபி போலீசுக்குத் தப்பி எங்கேயோ இருந்தபோது, அவரோடு இருந்த பத்திரிகைக்காரர்கள் பெருமையாக ஒரு படம் வெளியிட்டார்கள். கோப்பிலிருந்த புள்ளி குவாதமாலா என்று சொல்லிவிட்டது. சில நாட்களில் கைது. பெரிய சமூக ஊடகங்கள் இந்தத் தகவலைப் பார்வையாளர்களுக்குக் காட்டாமல் நீக்கிவிடுகின்றன. மின்னஞ்சலில் இணைத்தாலோ, வாட்ஸ்அப்பில் "டாக்குமெண்ட்" ஆக அனுப்பினாலோ அப்படியே போகும். கேமராச் செயலியில் இருப்பிட அனுமதியை எடுத்துவிட்டால் இனி எடுக்கும் படங்களில் அந்தப் புள்ளி பதியாது.

இரண்டாவது வழி, படத்தில் கண்ணுக்குத் தெரிவது. இதற்கு எந்த அமைப்பும் உதவாது. 2019-இல் ஜப்பானில் ஒரு பாடகியைத் தொல்லை செய்தவர், அவர் வெளியிட்ட செல்ஃபியில் கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் தேடி, அங்கே போய்க் காத்திருந்திருக்கிறார். காணொளிகளில் திரைச்சீலை இருக்கும் இடத்தையும் வெளிச்சம் விழும் விதத்தையும் வைத்து எந்த மாடி என்றுகூடக் கணித்ததாகச் சொன்னார்.

இதைப் படித்த அன்று, நான் வேலை செய்யும் மேசையைக் காட்டி முன்பு போட்டிருந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசை, காபிக் கோப்பை, மடிக்கணினி. அழகான படம்தான். கோப்பைக்குப் பின்னால் கூரியர் பெட்டி, அதில் பாதிப் பெயரும் முழு அஞ்சல் குறியீடும். கணினித் திரையின் மேல்வரிசையில் திறந்திருந்த தாவல்களில் ஒன்று என் வங்கி. ஜன்னல் கண்ணாடியில் எதிர்க் கட்டடத்தின் பெயர்ப் பலகை இடம் வலம் மாறி. ஒரே படம், வருடக்கணக்காக அங்கேயே இருந்தது. இப்போதெல்லாம் போடும் முன் ஓரங்களைத்தான் முதலில் பார்க்கிறேன். நடுவில் இருப்பதை நாம் தெரிந்தேதான் வைத்திருப்போம்.

நேரமும் ஒரு தகவல். ஓடும் பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா 2017 நவம்பரில், உலகம் முழுவதும் தன் பயனர்கள் ஓடிய தடங்களை ஒரே வரைபடமாக வெளியிட்டது. பெயர் எதுவும் இல்லை. ஆனால் பாலைவனத்தின் நடுவே ஒளிர்ந்த வட்டங்கள் ராணுவ முகாம்கள் என்று 2018 ஜனவரியில் ஒரு மாணவர் கண்டுபிடித்தார். நீங்கள் தினமும் காலை ஒரே இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தால் அந்த இடம் உங்கள் வீடு. பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு போடுவது எளிய வழி. பார்க்கிறவர்களுக்கு அதனால் ஒன்றும் குறையாது.

பணம் வாங்கும்போது எல்லாம் தெரிந்துவிடுகிறதே?

ஆமாம், புனைபெயர்கள் பெரும்பாலும் உடைவது இங்கேதான். சுயவிவரத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்குவோம். ரசீதை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் ஒரு சோதனை. நம்பகமான ஒருவரை உங்களுக்குச் சின்னத் தொகை அனுப்பச் சொல்லுங்கள். அவர் திரையில், மின்னஞ்சலில், ரசீதில் என்னென்ன தெரிகிறது என்று ஸ்கிரீன்ஷாட் வாங்கிப் பாருங்கள். பேபாலில் தனிநபர் கணக்கு என்றால் உங்கள் சட்டப்பூர்வப் பெயர் தெரியும். வணிகக் கணக்கானால் வணிகப் பெயரைக் காட்டலாம். மற்றச் செயலிகளையும் இப்படியே சோதித்துவிடுங்கள், உதவிப் பக்கத்தைப் படிப்பதைவிட இது வேகம். அமெரிக்காவில் புழங்கும் வென்மோ செயலியில் பணப் பரிமாற்றமே சமூக ஊடகம் போலப் பொதுவில் தெரியும்படி இயல்பாக அமைந்திருந்தது. 2021-இல் அதிபர் பைடனின் கணக்கைச் செய்தியாளர்கள் பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்தது செய்திமடல். இதில்தான் நான் சரியாக மாட்டினேன். அமெரிக்காவில் 2003-இல் வந்த கேன்-ஸ்பாம் சட்டப்படி, வணிக மின்னஞ்சல் ஒவ்வொன்றின் அடியிலும் அனுப்புகிறவரின் உண்மையான அஞ்சல் முகவரி இருக்க வேண்டும். அதனால் செய்திமடல் சேவைகள் பதிவு செய்யும்போதே முகவரியைக் கேட்கும். கணக்குக்காகத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து வீட்டு முகவரியைக் கொடுத்தேன். முதல் மடல் போன மறுநாள் ஒரு வாசகர், "நீங்கள் எங்கள் பக்கத்துத் தெருவா?" என்று அன்பாகக் கேட்டு எழுதியிருந்தார். அன்பாகத்தான் கேட்டார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலே சட்டத்துக்குப் போதும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சொந்தமாக இணைய முகவரி வாங்குகிறவர்கள் பதிவுத் தகவலைக் கவனியுங்கள். 2018 மே மாதம் வரை, பதிவு செய்தவரின் பெயர், முகவரி, எண் எல்லாம் ஹூயிஸ் பட்டியலில் யாரும் பார்க்கும்படி இருந்தன. ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு பெரும்பாலும் மறைக்கிறார்கள், ஆனால் எல்லா முடிவெழுத்துக்கும் அப்படி இல்லை. அமெரிக்காவுக்கான டாட் யுஎஸ் முகவரியில் மறைக்க வழியில்லை. பழைய பட்டியல்களைச் சேமித்து வைத்து விற்கிறவர்களும் உண்டு. ஜெர்மனி போன்ற நாடுகளில் தொழில்முறைத் தளம் நடத்தினால் பெயரும் முகவரியும் வெளியே போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அப்படிக் கட்டாயமுள்ள இடத்தில் வீட்டு முகவரிக்குப் பதிலாகச் சட்டம் ஏற்கும் வேறொரு முகவரி உண்டா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

பொருள் அனுப்பி விற்கிறவர்களுக்கு ஒரு வரி: பெட்டியின் பின்பக்கத்தில் "அனுப்புநர்" என்ற இடத்தில் பழக்கத்தில் வீட்டு முகவரியை எழுதிவிட வேண்டாம்.

வேலை தருகிறேன் என்பவர் அடையாள அட்டை நகல் கேட்கிறார். தரலாமா?

பணம் கையாளும் பெரிய தளங்கள் கேட்டால் சட்டப்படி அவர்களுக்கு அது தேவையாக இருக்கலாம். அதையும் தளத்துக்குள்ளேயே பதிவேற்றுங்கள், மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். முன்பின் தெரியாத தனி ஆள், அதுவும் வேலை ஆரம்பிக்கும் முன்பே கேட்டால், தராதீர்கள். போலி வேலை விளம்பரங்களில் பாதி இந்த நகலுக்காகவே போடப்படுகின்றன என்பது என் சந்தேகம்.

தந்தே ஆக வேண்டும் என்றால் நகலின் குறுக்கே, எழுத்துகள் மேலேயே படும்படி, யாருக்காக, எதற்காக, என்ன தேதி என்று எழுதிக் கொடுங்கள். வேறெங்கும் பயன்படுத்துவது கஷ்டமாகிவிடும். தேவையில்லாத எண்களைக் கறுப்புக் கட்டம் போட்டு மூடலாம்.

கறுப்புக் கட்டம் போட்டால் உண்மையிலேயே மறையுமா?

எப்படிப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளர் பால் மனாஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் கொடுத்த பிடிஎஃப்பில் கறுப்புப் பட்டைகள் இருந்தன. அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் அடியிலிருந்த எழுத்து அப்படியே வந்தது. 2003-இல் பிரிட்டன் அரசு வெளியிட்ட இராக் பற்றிய வேர்டு ஆவணத்துக்குள் அதைத் திருத்தியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒளிந்திருந்தது. 2023-இல் கூகுள் பிக்சல் கைபேசிகளில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் வெட்டுப்பட்ட பகுதியை மீட்க முடிகிறது என்று தெரிந்தது. அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் அனுப்பிய படங்கள் அனுப்பியவைதான்.

நான் செய்வது: மூட வேண்டியதை மூடிவிட்டு, திரையில் தெரிவதை மறுபடி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புவேன். மங்கலாக்கும் கருவியைப் பயன்படுத்துவதில்லை, மங்கலான எழுத்தைச் சில சமயம் மீட்டுவிடலாம். வேர்டு கோப்பை அனுப்பும் முன் ஆசிரியர் பெயர் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புனைபெயரில் எழுதிய கதையை இயற்பெயரோடு அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். நான்தான்.

விபிஎன் போட்டால் பாதுகாப்புதானே?

விபிஎன் என்பது உங்கள் இணைய இணைப்பை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாகச் சுற்றிவிடும் சேவை. நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைத் தளத்திடமிருந்து மறைக்கும். என்னென்ன தளம் பார்க்கிறீர்கள் என்பதை இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து மறைக்கும். சொந்தப் பெயரில் உள்நுழைந்த பிறகு விபிஎன் என்ன செய்யும்? முகமூடி போட்டுக்கொண்டு வாசலில் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போவதுதான். அதோடு, இதுவரை இணையச் சேவை நிறுவனத்தை நம்பினீர்கள், இனி விபிஎன் நிறுவனத்தை நம்ப வேண்டும். இலவசம் என்றால் யோசியுங்கள்.

வாடிக்கையாளர், ரசிகர் என்று வந்தவர்கள் நண்பர்களாகிவிடுகிறார்கள். கோடு எங்கே போடுவது?

நட்பு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் நெருங்கிய நண்பர்களில் இரண்டு பேரை வேலை வழியாகத்தான் தெரியும். ஆனால் தகவல் எப்படிப் போகிறது என்று கவனித்திருக்கிறேன். "உங்கள் வீடு எங்கே?" என்று யாரும் கேட்பதில்லை. "அங்கேயும் மழையா?" என்பார்கள். "இன்றைக்கு மின்வெட்டு, அதான் தாமதம்" என்று நாமே சொல்வோம். பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை என்போம். வாரக் கணக்கில் சேர்ந்தால் இடம், குடும்பம், எப்போது தனியாக இருப்போம் என்பது வரை தெரிந்துவிடும். பெரும்பாலானவர்கள் மறந்துவிடுவார்கள். மறக்காத ஒருவருக்காகத்தான் இத்தனை எச்சரிக்கை.

கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை. அளவைப் பெரிதாக்கிவிடுங்கள். ஊரைக் கேட்டால் மாநிலம், வயதைக் கேட்டால் "உங்களைவிடப் பெரியவன்தான்". நல்லவர்கள் அங்கேயே விட்டுவிடுவார்கள். விடாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறவரைப் பற்றி அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

நான் ஜாக்கிரதையாக இருக்கிறேன், வீட்டில் இருப்பவர்கள் போட்டுவிடுகிறார்களே?

திட்டினால் நடக்காது. அம்மாவிடம் "போடாதே" என்று சொல்வதைவிட, படத்தில் உங்களைக் குறியிட்டால் (டேக் செய்தால்) உங்கள் ஒப்புதல் இல்லாமல் பக்கத்தில் வராதபடி அமைப்பை மாற்றுவது எளிது. எதைப் போடலாம் என்பதற்கு ஒரே ஒரு விதி கேட்டு வாங்குங்கள். நாங்கள் வைத்திருப்பது "வீட்டு வாசல் தெரியக் கூடாது" என்பது மட்டும். ஒரு விதி என்றால் பின்பற்றுகிறார்கள்.

கடவுச்சொல்?

எல்லோரும் சொல்லி அலுத்த விஷயம், சுருக்கமாக முடிக்கிறேன். கடவுச்சொல் மேலாளர் (எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டிச் சேமித்து வைக்கும் செயலி) ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு ஒன்று, எல்லாம் வேறு வேறு. இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ்ஸைவிடச் செயலி அல்லது பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கருவியின் பூட்டைக் கொண்டே உள்நுழையும் வசதி) மேல். முதலில் மின்னஞ்சல் கணக்கைப் பூட்டுங்கள், அது போனால் மற்ற எல்லாக் கடவுச்சொல்லையும் அதன் வழியாகவே மாற்றிவிடலாம். உங்கள் மின்னஞ்சல் எந்தக் கசிவில் இருக்கிறது என்று பார்க்க, ட்ராய் ஹன்ட் 2013 முதல் நடத்தும் ஹேவ் ஐ பீன் போன்ட் தளம் இருக்கிறது. தளத்துக்குத் தளம் வேறு மறைமுக மின்னஞ்சல் கொடுக்கும் சேவைகள் ஆப்பிளிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் உண்டு. யார் உங்கள் முகவரியை விற்றார்கள் என்று அப்போது தானாகவே தெரியும்.

ஏற்கெனவே எல்லாம் வெளியே போய்விட்டது. இனி என்ன செய்வது?

உள்நுழையாத உலாவியில் உங்கள் பெயர், பழைய பயனர் பெயர்கள், எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். வருவதைப் பட்டியலிடுங்கள். உங்கள் கையில் இருக்கும் கணக்குகளை முதலில் துடையுங்கள். பிறகு மற்றவர்களிடம் கேளுங்கள். முகவரியும் எண்ணும் தேடல் முடிவில் வந்தால் நீக்கக் கோருவதற்குக் கூகுளே 2022 முதல் ஒரு வசதி தருகிறது. அது தேடலிலிருந்துதான் எடுக்கும், மூலப் பக்கம் அங்கேயே இருக்கும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியச் சட்டமான ஜிடிபிஆரின் 17-ஆம் பிரிவு, தகவலை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வேறு பல நாடுகளிலும் இப்போது இதுபோன்ற சட்டங்கள் உண்டு.

கேட்கும்போது சத்தம் போடாமல் கேளுங்கள். அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 2003-இல், கலிஃபோர்னியக் கடற்கரைப் படத் தொகுப்பு ஒன்றில் தன் வீடு இருக்கிறது என்று வழக்குப் போட்டார். அதற்கு முன் அந்தப் படம் இறக்கப்பட்டது மொத்தம் 6 முறை, அதில் 2 முறை இறக்கியது அவருடைய வழக்கறிஞர்கள். வழக்குச் செய்தி வந்த மாதத்தில் 4,20,000 பேருக்கு மேல் போய்ப் பார்த்தார்கள்.

யாரோ என் முகவரியைப் பொதுவில் போட்டு மிரட்டுகிறார்கள்.

பதில் எழுதாதீர்கள். நீக்கச் சொல்வதற்கு முன் ஆதாரம் எடுங்கள், இணைப்பும் தேதியும் நேரமும் தெரியும்படி. பிறகு தளத்தில் புகார், காவல்துறையில் புகார். வீட்டில் இருப்பவர்களுக்கும் உடனே சொல்லிவிடுங்கள், கதவைத் தட்டினால் திறக்கப்போவது அவர்களாகவும் இருக்கலாம். புகார்களைத் தொடர்ந்து கவனிக்கும் வேலையை நம்பகமான ஒருவரிடம் ஒப்படையுங்கள். அந்த வசவுகளை நீங்களே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பது யாருக்கும் தாங்காது.

பிறந்த தேதியைத் தப்பாகக் கொடுக்கலாமா?

வங்கி, வரி, அரசு, அடையாளச் சரிபார்ப்பு ஆகிய இடங்களில் கூடவே கூடாது. மற்ற இடங்களில் முதலில் காலியாக விட முடியுமா, மறைக்க முடியுமா என்று பாருங்கள். நான் சில இடங்களில் வருடத்தைச் சரியாக வைத்து நாளை மட்டும் மாற்றியிருக்கிறேன். மாற்றினால் எங்கே என்ன கொடுத்தீர்கள் என்று கடவுச்சொல் மேலாளரில் குறித்து வையுங்கள். குறிக்காமல் விட்டு, கணக்கை மீட்கும்போது பிறந்த தேதி கேட்டதற்குப் பதில் தெரியாமல் ஒரு பழைய கணக்கை நிரந்தரமாக இழந்திருக்கிறேன். மற்றபடி, வருடத்துக்கு ஒருமுறை சம்பந்தமே இல்லாத ஒரு நாளில் வாழ்த்துகள் வந்து குவியும். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிடுகிறேன்.